கிட் கார்: நாமே பூட்டுவதா, பூட்டியதை வாங்குவதா?

11 பிப்ரவரி 2019: வாசகர் ஒருவரின் கேள்வி

கேட்டர்ஹாம் செவன் (லேசான, சிறிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) போன்ற வண்டியைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் வைத்துப் பூட்டுவதில் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை. யாரோ ஒருவர் ஏற்கெனவே பூட்டி, மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டிய வண்டி அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பந்தயத் தடத்தில் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால், கட்டுவது வெறும் பெருமைக்காகத்தான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

12 பிப்ரவரி 2019: என் பதில்

விலையைப் பொறுத்தவரை மறுக்க எதுவுமில்லை. என் வண்டியை நானே பூட்டினேன்; 2017 அக்டோபரில் தொடங்கி 2018 மார்ச்சில் முடித்தேன். 1.6 லிட்டர் ஃபோர்டு சிக்மா எஞ்சின், 135 குதிரைத் திறன், 540 கிலோ என்று விவரத் தாளில் போட்டிருக்கும் செவன் 270. வாங்கிய கருவிகளையும், எஞ்சின் கிரேன் வாடகையையும், பனிக்காலம் முழுவதும் கராஜில் எரிந்த மின்சூடேற்றியையும் கணக்கில் சேர்த்தால் நான் எதையும் மிச்சப்படுத்தவில்லை. செலவழித்த நேரத்தை 130 மணி வரை குறித்து வைத்தேன்; அதற்குப் பிறகு குறிப்பதை விட்டுவிட்டேன்.

ஆனாலும் பெருமைக்காக என்பதை ஏற்க மாட்டேன். தடத்தில் மணிக்கு 150 கிலோமீட்டரில் ஒரு சத்தம் கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று பூட்டியவனுக்குத் தெரியும். வாங்கியவனுக்குத் தெரியாது.

14 பிப்ரவரி 2019

கட்டுவது எத்தனை கடினம் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு ரிவெட் அடிக்கப்பட்டே வந்துவிடுகிறது. வெல்டிங் வேலை கிடையாது. ஆகவே இதைக் கட்டுவது என்று சொல்வதைவிடப் பூட்டுவது என்று சொல்வதே நேர்மையானது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள எவரும் செய்யலாம்.

பொறுமை தீர்ந்த இடம், எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். அதைச் சட்டத்தில் காது போல நீட்டியிருக்கும் பிடிகளுக்கு நடுவே தூக்கிப் பிடித்து, நீண்ட போல்டை உள்ளே செலுத்தி, இரு பக்கமும் இடைவெளியை அளந்து, சரி நடுவில் நிற்கும்படி வாஷர்களைச் செருக வேண்டும். ஒரு வாஷர் நழுவி விழுந்தால் மொத்தத்தையும் இறக்கி மறுபடி தொடங்க வேண்டும். நான் நான்கு முறை இறக்கினேன். கடைசியில் வாஷர்களைக் கிரீஸ் தடவி ஒன்றோடொன்று ஒட்டவைத்து, மெல்லிய தகரத் துண்டால் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளினேன். அன்றைக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று.

எஞ்சினை ஏற்றுவது பார்வைக்குத்தான் பயங்கரம். கியர்பாக்ஸைச் சேர்த்துப் பூட்டிய பிறகு, வால் பக்கம் கீழே சாயும்படி கிரேனில் தொங்கவிட்டு, மூக்குப் பகுதி வழியாக, இருக்கைகளுக்கு நடுவே ஓடும் சுரங்கத்துக்குள் இறக்க வேண்டும். சட்டத்தின் வண்ணப்பூச்சு கீறாமல் இருக்க அட்டைகளைச் சுற்றி வைத்திருந்தேன். இருவர் இருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் மறக்கக்கூடாத ஒரு விதி உண்டு. சஸ்பென்ஷன் கைகளில் ரப்பர் புஷ் (போல்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) உள்ள மூட்டுகளை வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது இறுக்கக்கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கேறி நிற்கும், சீக்கிரமே கிழியும். எல்லாவற்றையும் கையிறுக்கமாக விட்டுவைத்து, சக்கரம் பூட்டி, இருக்கையில் ஓட்டுநரின் எடையையும் ஏற்றிய பிறகே குறித்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்னும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். இறுக்கிய நட்டின் மேல் மஞ்சள் வண்ணப் பேனாவால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

15 பிப்ரவரி 2019

"வரி ஏய்க்கத்தானே பிரிட்டனில் கிட் கார் வந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏய்ப்பு என்று சொல்ல முடியாது, வரிச் சட்டத்திலிருந்த சந்து. காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957இல் செவனைக் கொண்டுவந்தபோது, பூட்டி முடித்த புதிய காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கினால் கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிக்குள் வந்துவிடும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று செவன்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1972இல் அந்த வரி போனதும் லோட்டஸுக்கு ஆர்வம் குறைந்தது, கிரஹாம் நெர்ன் நடத்திய கேட்டர்ஹாம் உரிமையை எடுத்துக்கொண்டது.

16 பிப்ரவரி 2019

திருத்தம். ஆண்டு 1972 அன்று, 1973. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றுதான் மதிப்புக் கூட்டு வரி வந்து பழைய கொள்முதல் வரியை நீக்கியது. செவன் கைமாறியதும் அதே ஆண்டில்தான். கேட்டர்ஹாம் முதலில் செவனின் நான்காம் வரிசை (சீரீஸ் 4) வண்டியைச் சிறிது காலம் செய்துவிட்டு, பிறகு மூன்றாம் வரிசைக்கே திரும்பியது. இன்று என் கராஜில் நிற்பது அந்த மூன்றாம் வரிசையின் வழி வந்தது.

24 பிப்ரவரி 2019

சாலையில் ஓட்ட வேண்டுமானால் ஐ.வி.ஏ. என்ற தனி வாகனப் பரிசோதனையில் தேற வேண்டும். பிரேக், புகை, விளக்குகள், கண்ணாடிகள் எல்லாம் எதிர்பார்த்தவைதாம். என்னை அலைக்கழித்தவை கூர்முனைகள். கை படக்கூடிய, பாதசாரி மேல் உரசக்கூடிய விளிம்பு எதுவானாலும் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது மழுங்கியிருக்க வேண்டும். ஆகவே தகட்டு விளிம்புகளுக்கு ரப்பர் பட்டையும், நட்டுகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பியும் மாட்டினேன். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக்கூடாது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் கையை விட்டதும் தானாக நடுவுக்குத் திரும்ப முயல வேண்டும். எடை குறைந்த வண்டியில் இது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை என்பதால், பலரைப் போல நானும் அன்றைக்கு மட்டும் முன் டயர்களில் காற்றைக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் முறையில் தேறவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகட்டு மூலைக்கு நான் பட்டை ஒட்ட மறந்திருந்தேன். இரண்டாம் முறை பத்து நிமிடத்தில் முடிந்தது. தொப்பிகளின் பிற்காலம் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

5 மார்ச் 2019

சாலை வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாக. நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரத்தின் நடுக்குமிழ் என் காதுக்கு நேராக வருகிறது. மழை வந்தால் கூரை போடுவதற்குள் நனைந்துவிடுவோம், போட்ட பிறகு உள்ளே ஏறுவது யோகாசனம். பக்கவாட்டுப் புகைக்குழாய் இறங்கும்போது காலைச் சுடும். என் கெண்டைக்காலில் அதன் முத்திரை இருக்கிறது. என் மனைவி ஒரு முறை வந்தார். இரண்டாம் முறை அழைத்தபோது, "நீங்கள் போங்கள், நான் ரயிலில் வந்து சேர்கிறேன்" என்றார். அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்.

டயரில் 18 பவுண்டு காற்றுதான் வைக்கிறேன். வீட்டுக் காருக்கு 32 வைத்துப் பழகிய கைக்கு அது பஞ்சரான டயர் போலத் தோன்றும். பெட்ரோல் நிலையத்தில் ஒரு பெரியவர் என் பின்னாலேயே நின்று, நான் காற்றைத் திறந்துவிடுவதைப் பார்த்துப் பதறிப்போனார். வண்டியில் அழுத்துவதற்கு எடை இல்லை, அழுத்தத்தைக் கூட்டினால் டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும் என்று விளக்கியும் அவர் முகம் மாறவில்லை.

17 மார்ச் 2019

கடந்த வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தயத் தடம். சென்ற ஆண்டு சிறிய தடங்களில் மூன்று முறை ஓட்டியிருந்தாலும், ஓட்டுகிறேன் என்று மனதார நினைத்தது அன்றுதான்.

காலையில் ஒலிச் சோதனை. புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகை கோணத்தில் மீட்டரைப் பிடித்து, எஞ்சினின் உச்சச் சுழற்சியில் முக்கால் பங்குக்கு ஏற்றச் சொன்னார்கள். தேறினேன். பிறகு விளக்கக் கூட்டம்: நேர்ப்பகுதியில் மட்டும், முன்னால் போகிறவர் வழிவிட்டால் மட்டும் முந்தலாம், சிவப்புக் கொடி என்றால் வேகம் குறைத்துப் பிட்டுக்கு (தடத்தோரம் வண்டிகள் நிற்கும் இடம்) திரும்ப வேண்டும், யாரும் நேரம் அளக்கக்கூடாது, இது பந்தயம் அன்று. உங்கள் வழக்கமான காப்பீடு தடத்தில் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதை யாரும் முதலில் சொல்லவில்லை.

அங்குள்ள சிறிய சுற்று இண்டி, 1.9 கிலோமீட்டர். தொடக்க நேர்ப்பகுதி முடிந்ததும் பாடக் ஹில் வளைவு, வலப்பக்கம் திரும்பியபடியே தரை காலுக்கடியிலிருந்து கழன்று விழும். உள்ளே நுழையும்போது வெளியேறும் இடம் கண்ணுக்குத் தெரியாது. பள்ளத்தின் அடியில் வண்டி தரையோடு நசுங்கி, உடனே மேட்டில் ஏறி ட்ரூயிட்ஸ் கொண்டையூசி வளைவுக்குப் போகும். நான் பாடக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே தவற்றைச் செய்தேன்: பள்ளத்தைக் கண்டதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடுத்த கணமே பின்பக்கம் ஒரு சொடுக்குச் சொடுக்கி வெளியே போகப் பார்த்தது.

எடை குறைந்த வண்டி கற்றுத்தரும் பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். வண்டி லேசானது என்பதால், காலை எடுத்ததும் எடை முன்பக்கம் பாய்ந்து, பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கின்றன. தவறு முழுக்க என் வலது காலுடையது.

18 மார்ச் 2019

பொறியாளர் ஒருவர் நேற்று எழுதியதைத் திருத்தியிருக்கிறார், ஏற்கிறேன். வேகம் ஒரே அளவில் குறையும்போது எத்தனை விழுக்காடு எடை முன்னால் போகிறது என்பது வண்டியின் மொத்த எடையைப் பொறுத்ததன்று. ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் இரு அச்சுகளுக்கு இடையிலான நீளத்தையும் பொறுத்தது. செவனின் மையம் மிகவும் தாழ்வானது. அப்படியானால் சாதாரணக் காரைவிட இதில் எடை குறைவாகத்தான் பாய வேண்டும்.

பின் ஏன் அத்தனை வெடுக்கென்று போகிறது? வண்டி சிறியது, திரும்புவதைத் தடுக்கும் சடத்துவம் குறைவு, ஓட்டுநர் பின் அச்சுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் முதுகில் உடனே தெரிகிறது. இப்போதைக்கு என் பதில் இது.

7 ஏப்ரல் 2019

மீண்டும் பிராண்ட்ஸ், இம்முறை அரை மணி நேரம் பயிற்சியாளரோடு. அவர் சொன்னது ஒன்றே ஒன்று: காலை எடுப்பதென்றால் வளைவுக்கு முன்பே எடு, உள்ளே போன பிறகு காலைச் சலனமில்லாமல் வைத்திரு. மூன்று சுற்றுக்குள் பாடக் பயம் பாதியாகக் குறைந்தது.

இறங்கும்போது அவர் இன்னொன்றும் கேட்டார்: "பின்னால் ஏதோ தட்டுகிறதே, எப்போதும் உண்டா?" காலை எடுக்கும்போதும் மறுபடி மிதிக்கும்போதும் ஒரு "டக்". நானும் கேட்டிருக்கிறேன். செவன் என்றால் பின்னால் ஏதாவது தட்டும் என்று எல்லாரும் சொல்வதால், என்னுடையதும் அந்தக் குடும்பச் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

14 ஏப்ரல் 2019

முதல் கணிப்பு: டிஃபரன்ஷியல். அந்தச் சனிக்கிழமையின் வாஷர்களில் ஒன்று குறைந்திருக்கும் என்ற குற்றவுணர்வு எனக்கு ஓராண்டாக இருக்கிறது. இறக்காமல் இடைவெளி அளக்கும் தகடுகளால் அளந்தேன், ஆடவில்லை. இரண்டாம் கணிப்பு: பின் சக்கர பேரிங். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தேன், அதுவும் இல்லை.

எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பூட்டியவனுக்குத் தெரியும் என எழுதியவனை யாராவது கேலி செய்ய விரும்பினால் இது தக்க தருணம்.

21 ஏப்ரல் 2019

கேலி செய்த நால்வருக்கும் நன்றி. இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் டி டியோன் குழாயின் அடியிலுள்ள ஏ வடிவச் சட்டத்தின் புஷ்ஷைப் பாருங்கள் என்று மூன்று பேர் சொன்னார்கள், அது தேய்வதும் தட்டுவதும் இந்த வண்டிகளில் வழக்கமாம். புதிய புஷ் வாங்கிப் பழையதைப் பிடுங்கினேன். பழையது புதியதைப் போலவே இருந்தது. மாற்றிவிட்டு ஓட்டினேன். டக்.

28 ஏப்ரல் 2019

கிடைத்துவிட்டது.

பின் சக்கரத்துக்கு முன்னால், இரு பக்கமும், டி டியோன் குழாயை முன்பின்னாக நகரவிடாமல் பிடிக்கும் நீண்ட கை ஒவ்வொன்று உண்டு. இடப்பக்கக் கையின் முன்முனை போல்டில் டார்க் ரெஞ்ச்சை வைத்தேன். "கிளிக்" என்ற சத்தம் வரவேயில்லை. ரெஞ்ச் முக்கால் சுற்று சுற்றிய பிறகே வந்தது. லாக் நட்டு என்பதால் கழன்று விழவில்லை. ஓராண்டாக அது கையிறுக்கத்திலேயே இருந்திருக்கிறது.

14 பிப்ரவரிக் குறிப்பில் நான் உபதேசித்த விதியை மறுபடி படியுங்கள். கையிறுக்கமாக விட்டுவைத்து, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு இறுக்க வேண்டும். அதைத்தான் செய்தேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றின் மேல் மஞ்சள் கோடும் இருந்தது! மற்ற போல்ட்களுக்கெல்லாம் கோடு போடும்போது, இதையும் பிறகு எப்படியும் இறுக்கத்தானே போகிறோம் என்று முன்கூட்டியே போட்டிருக்கிறேன். அதன் பின் ஒவ்வொரு முறை பரிசோதித்தபோதும் கோடு நேராக இருந்தது. நட்டு நகரவில்லைதானே, நகர்வதற்கு அது முதலில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நான் நட்டைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே 17 மார்ச் குறிப்பிலுள்ள "தவறு முழுக்க என் வலது காலுடையது" என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். காலை எடுக்கும்போது இடப் பின்சக்கரம் சற்றே நகர்ந்து, பின் அச்சு முழுவதும் ஒரு மயிரிழை திரும்பியிருக்கும். அந்தச் சொடுக்கு வண்டியின் குணமும் அன்று, என் காலும் அன்று; என் கை.

29 ஏப்ரல் 2019

"ஐ.வி.ஏ. பரிசோதகர் ஏன் கண்டுபிடிக்கவில்லை?" அவர் ஒவ்வொரு போல்டிலும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பவர் அல்லர், வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. பூட்டியவன் நான். நேற்று மாலை வண்டியிலுள்ள எல்லாக் கோடுகளையும் ஸ்பிரிட் தொட்டு அழித்துவிட்டு, ஒவ்வொன்றையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, புதிதாக வெள்ளைக் கோடு போட்டேன். வேறு எதுவும் தளரவில்லை என்பதை எழுதும்போது உள்ளூர ஒரு நிம்மதி.

19 மே 2019

சரிசெய்த பிறகு முதல் நாள் பிராண்ட்ஸ். டக் சத்தம் போய்விட்டது. இரண்டாம் அமர்வில், தன்னம்பிக்கை மிகுந்து, பாடக்கில் மெதுவாகப் போன ஒருவரைக் கண்டு வளைவுக்குள்ளேயே காலை எடுத்தேன். பின்பக்கம் வெளியே போனது. இம்முறை வெடுக்கென்று அன்று, வருகிறேன் என்று சொல்லிவிட்டு நிதானமாக. எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்ப நேரம் இருந்தது. பிட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கை நடுங்கியது.

எனவே திரும்பப் பெற்ற வரியில் பாதியை மறுபடி வைக்கிறேன். காலை எடுத்தால் வால் போகும் என்பது உண்மை, தளர்ந்த போல்ட் அதைக் கூட்டிக் காட்டியது. பயிற்சியாளர் சொன்னது அப்போதும் சரி, இப்போதும் சரி. பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: இருபது நிமிட அமர்வுகளில் ஒரு முறைகூட மிதி மென்மையாகவில்லை. நிறுத்த வேண்டிய எடை வீட்டுக் காரில் பாதிகூட இல்லை. பிட்டில் நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துவிட வேண்டாம், சூடான தட்டை ஓரிடத்தில் கவ்விப் பிடிக்கும். கியரில் விட்டுவிடுங்கள்.

7 ஜூன் 2019

முதல் கேள்வியைக் கேட்ட நண்பர், பூட்டி முடித்த 2015 வண்டி ஒன்றை நாளை பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறார். வாங்குங்கள். என் வண்டியை நான் விற்றிருந்தால், வாங்கியவருக்கு அந்த போல்டும் மஞ்சள் கோடும் சேர்ந்தே போயிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைப் பற்றி நான் பிப்ரவரியில் எழுதியது பொய்யாகிவிட்டது. பூட்டியவனுக்கு, தான் சரியாகப் பூட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையே காதை அடைக்கிறது. உங்களுக்கு அந்தத் தொல்லை இருக்காது.

தார்ப்பாயும் டார்க் ரெஞ்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் அனுமதித்தால் பின்பக்கத்தில் அடியில் படுத்து, பக்கக் கைகள் இரண்டின் முன்முனை, ஏ சட்டம், டிஃபரன்ஷியலின் நீண்ட போல்ட் ஆகியவற்றைக் கோடு இருந்தாலும் தொட்டுப் பாருங்கள். முன்பக்கச் சட்டக் குழாய்களில் வண்ணம் சுருங்கியிருக்கிறதா என்று கண்ணோட்டம் விடுங்கள், மோதிய வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியரில் மிதித்து, எடுத்து, மிதித்து, எடுத்துக் கேளுங்கள். இறங்கும்போது புகைக்குழாயை மறந்துவிடாதீர்கள்.

8 ஜூன் 2019

வாங்கிவிட்டாராம். இடது கால் சுட்டுவிட்டதாம்.